டப்பாக்காரர் வீட்டில் பிளாஸ்டிக் தடை

1

நான் ஈப்போவுக்கு வாழ வந்து போன மாதத்தோடு பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. கல்யாண நாளை வருடா வருடம் மறந்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் வீட்டுக்காரர் கணேசன், இந்த நாளை மட்டும் மறப்பதே இல்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

நான் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து வருகிற வழியில், ஒரு பாய் கடை முன்னால் காரை நிறுத்தி எனக்கு ஒரு தே ஐஸ் வாங்கி வந்தார். தே ஐஸ் என்றால் ஐஸ் கட்டி போட்ட பால் டீ. அதைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் இளஞ்சிவப்புக் கயிற்றால் முடிச்சுப் போட்டு, மூலையில் ஒரு உறிஞ்சு குழலைச் செருகித் தருவார்கள். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி கிளாசில் நுரை தளும்ப டீ குடித்து வளர்ந்தவள் நான். பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். திருவிழாவில் வண்ண மீன் விற்பார்களே, அந்த மாதிரிதான் இருந்தது.

"இதுல மீனு கிடக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

மனுஷன் ஸ்டீரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து வருடா வருடம் அந்தத் தேதிக்கு எனக்கு ஒரு தே ஐஸ் வந்துவிடும்.

இந்த வருடமும் வந்தது. ஆனால் கேட்டைத் தாண்டவில்லை. எங்கள் மகள் தர்ஷினி, பதினாலு வயது, கேட்டுக்கு உள்பக்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ப்பா, நில்லுங்க. கையில என்னது?"

"தே ஐஸ் லா. அம்மாவுக்கு." இந்த ஊர்ப் பேச்சில் லா தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அது தெரியுது. எதுல இருக்கு?"

அவர் பையை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "பிளாஸ்டிக்ல," என்றார் மெதுவாக.

"வீட்டுச் சட்டம் என்ன?"

சட்டம் வீட்டுக்கு உள்ளேதானே! நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். புருஷனும் பொண்டாட்டியும் ரோட்டோரமாக நின்று, ஒரே குழலில் மாற்றி மாற்றி உறிஞ்சிக் குடித்தோம். எதிர்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு ருசியான தே ஐஸை நான் குடித்ததில்லை.

இதில் ஒன்று சொல்லாமல் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு வேலை ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில். அங்கே தயாராவது, சாப்பாடு கட்டித் தருகிற பிளாஸ்டிக் டப்பா.

2

இங்கே வந்த புதிதில் நான் பட்ட பாட்டில் பாதி பிளாஸ்டிக்கால் பட்டதுதான். நம் ஊரில் கடைப்பையைக் கவர் என்போம். அதே நினைப்பில் மளிகைக் கடைக்குப் போய், "அண்ணே, ஒரு கவர் குடுங்க," என்றேன். கடைக்காரர் பாய் ஒரு தபால் உறையை எடுத்து நீட்டி, "யாருக்கும்மா மொய் வைக்கப் போற?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நான் முருங்கைக்காயையும் வெங்காயத்தையும் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

அதைவிடப் பெரிய கூத்து குடிநுழைவு அலுவலகத்தில் நடந்தது. நான் மலேசியாவுக்குப் போகிறேன் என்றதும் என் அப்பா செய்த முதல் காரியம், என் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கல்யாணப் பதிவுப் பத்திரம் எல்லாவற்றையும் கட்டுக்கட்டாக எடுத்துப்போய் லேமினேஷன் செய்தது. "தண்ணி பட்டாலும் போகாது, கரையானும் அரிக்காது," என்று பெருமையாகக் கையில் கொடுத்தார். நம்மூரில் மதிப்புள்ள காகிதம் எதுவாக இருந்தாலும் பிளாஸ்டிக்குக்குள் போட்டு மூடினால்தான் நமக்குத் தூக்கம் வரும்.

விசா வேலைக்காகக் கவுன்டரில் அதை நீட்டினேன். அங்கே இருந்த மலாய்க்காரப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார். பின்பக்கம் முத்திரை குத்த வேண்டுமாம். பிளாஸ்டிக்கின் மேல் எந்த முத்திரை நிற்கும்? பாவம், அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான், ஊரிலிருந்து புதுப் பிரதி வாங்கி வரச் சொன்னார். அறந்தாங்கிக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னால், அப்பா கேட்டார்: "அப்ப புதுசா வாங்குறதை இன்னும் கொஞ்சம் கெட்டியா லேமினேஷன் போட்டு அனுப்பவா?"

3

வீட்டுச் சட்டம் வந்த கதைக்கு வருகிறேன்.

தர்ஷினி என்னிடம் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் மலாய், கணக்குப் போட ஆங்கிலம். அவள் கைநழுவிப் போகிறாளோ என்று நான் கவலைப்படாத நாள் இல்லை. போன வருடம் பள்ளிக்கூடத்தில் சுற்றுச்சூழல் மன்றத்தில் சேர்ந்தாள். ஒருநாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நான் தொங்கவிட்டிருந்த பையைக் கீழே கொட்டினாள். பிளாஸ்டிக் பைக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை. எண்ண ஆரம்பித்தவள் நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். உலகத்தில் எந்தத் தமிழ் வீட்டில் இந்தப் பை இல்லை, சொல்லுங்கள் பார்ப்போம்.

"இன்னியிலேருந்து வீட்டுக்குள்ள பிளாஸ்டிக் வரக்கூடாதும்மா," என்றாள்.

நானும் சரி என்றேன். கொதிக்கக் கொதிக்கக் கறிக்குழம்பைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தருவதைப் பார்க்கும்போதெல்லாம் இது உடம்புக்கு ஆகுமா என்று எனக்கும் தோன்றும். ஆனால் சட்டம் போடுவது சுலபம், குடும்பம் நடத்துவது வேறு. முதல் வாரமே குப்பையை எதில் கட்டுவது என்ற கேள்வி வந்தது. இத்தனை நாளும் கடைப்பைதான் குப்பைப்பை. அது நின்றுபோனதால், குப்பை போடுவதற்கென்றே ஒரு கட்டு புதுப் பிளாஸ்டிக் பை விலைக்கு வாங்கினேன். தர்ஷினி அந்தக் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பாசாரில், அதாவது சந்தையில், மீன் விற்கிற சீனக் கிழவரிடம் என் எவர்சில்வர் டப்பாவை நீட்டினேன். அவர் மகிழ்ச்சியோடு தலையாட்டி, மீனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை என் டப்பாவுக்குள் வைத்து, மூடியையும் சாத்திக் கொடுத்தார். டீ வாங்க என் கல்யாணச் சீர்ச் சொம்போடு போன என் வீட்டுக்காரரைப் பார்த்து, பாய் கடையில், "என்னண்ணே, வீட்டு மாடு கன்னு போட்டுருக்கா? பால் கறக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று கேட்டார்களாம். அவர் அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

அவர் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. மகள் சொன்னால் சரி. அதுதான் எனக்கு உறுத்தியது.

4

பள்ளியில் பேச்சுப் போட்டி. தர்ஷினிக்குத் தலைப்பு, பிளாஸ்டிக் இல்லாத வீடு. வீட்டில் நடையும் ஓட்டமுமாக ஒத்திகை பார்த்தாள். கேட்கக் கேட்க எனக்கே அடுப்படியில் நிற்கக் குற்ற உணர்வாக இருந்தது. போட்டிக்கு முதல் நாள் அவர் தொழிற்சாலைச் சட்டையோடு வந்து உட்கார்ந்து, "நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிட்டேன். எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க வராதீங்கப்பா. அப்பா எங்க வேல செய்றாருன்னு டீச்சர் கேப்பாங்க. எனக்கு மாலுவா இருக்கும்."

மாலு என்றால் வெட்கம்.

"ஓ. சரி லா," என்றார். எழுந்துபோய்க் காரைக் கழுவினார். அதற்கு முந்தைய நாள்தான் கழுவியிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவளை நாலு வாங்கு வாங்கியிருப்பேன். அவர் தடுத்துவிட்டார். "விடு ஜெயா. அவ சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல." தப்பு இல்லைதான். ஆனால் பதினேழு வருடமாக அந்தச் சூட்டில், அந்த இரைச்சலில் நின்று கொண்டுவந்த சம்பளத்தில்தானே அவள் புத்தகம், அவள் பள்ளிச் சீருடை, இந்த வீடு எல்லாம்? மகள் தன்னைப் பார்த்து வெட்கப்படாமல் இருக்க வேண்டும். அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

5

கோலகங்சார்ப் பக்கம் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தாகிவிட்டது. மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. சிதறிப்போன குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு அங்கே கூடும். அதில் ஒருநாள் அன்னதானம் எங்கள் குடும்பத்து உபயம். பதினைந்து வருடமாக, மிஞ்சுகிற சோற்றையும் குழம்பையும் கட்டிக் கொடுக்க டப்பா கொண்டுபோவது என் வீட்டுக்காரர்தான். மூடி சரியாக உட்காராத டப்பாக்களை வேலையாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று தொழிற்சாலையில் வழக்கம். கோயிலில் அவருக்குப் பெயரே டப்பா கணேசன்.

இந்த வருடம் தர்ஷினி சொல்லிவிட்டாள்: "கோயில்லயும் டப்பா வேணாம்பா." அவர் வழக்கம்போல, "சரிம்மா."

விஷயம் தெரிந்ததும் என் நாத்தனார் ராஜாத்தி அண்ணி போனில் பிடித்துக்கொண்டார். "என்னா ஜெயா, வெளையாடுறீங்களா? பாகான் டத்தோலேருந்து ரெண்டு மணி நேரம் காடி ஓட்டிட்டு வாராங்க. எதுக்கு? வீட்ல படுத்துக் கெடக்குற ஆளுக்கு ஒரு வாய் சாமி சோறு கொண்டு போகத்தானே? வெறுங்கையோட அனுப்புனா நம்ம உபயத்துக்கு மூஞ்சி இருக்குமா லா?"

"அவங்கவங்க பாத்திரம் கொண்டு வரச் சொல்லிரலாம் அண்ணி," என்றேன். தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட தர்ஷினி ஒரு செய்தி எழுதினாள்: 'உபயத்துக்கு வருபவர்கள் ஆளுக்கொரு காலிப் பாத்திரம் கொண்டு வரவும். பிளாஸ்டிக் வேண்டாம். டப்பா வழங்கப்படாது.' எல்லாம் நன்றாக இருந்தது. நான்தான் அதிகப்பிரசங்கியாக, கோயில் காரியத்துக்குப் போய் யாராவது காலி என்று எழுதுவார்களா என்று அவளைக் கடிந்துகொண்டு, அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து கார்கள் வர ஆரம்பித்தன. எல்லோர் கையிலும் பாத்திரம். பார்க்கவே ஆசையாக இருந்தது. வாங்கி அடுக்கலாம் என்று முதல் தூக்கைப் பிடித்தால் கை கீழே போகிறது. திறந்து பார்த்தேன். வழிய வழியக் கடலைச் சுண்டல். அடுத்ததில் தேங்காய் மிட்டாய். அதற்கடுத்ததில் நெத்திலி சம்பால். கோயிலென்று நினைவு வந்ததும் அதைக் காரிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னோம். புட்டு, கேசரி, மெதுவடை, ஒரு பானை நிறைய மோர். ஒரு பாத்திரம்கூட, ஐயோ, ஒன்றே ஒன்றுகூடக் காலியில்லை!

நம் சனம் எங்கேயாவது வெறும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் நிற்குமா? அதுவும் ஆத்தா சன்னிதியில்? இது எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும். அண்ணி என்னை முறைத்த முறைப்பில் பானை மோர் திரிந்து போகாததே அதிசயம். எங்கள் அண்டா நிறையச் சாம்பார் சாதம் ஒரு பக்கம், வந்து குவிந்தது இன்னொரு பக்கம். கட்டிக் கொடுக்க ஒரு கிண்ணம் கிடையாது. "எங்கடா கணேசா டப்பா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவர், "இந்த வருசம் இல்லண்ணே," என்று மட்டும் சொன்னார். மகளைக் காட்டிக் கொடுக்கவில்லை.

தர்ஷினி வெளிறிப்போய், வந்த பாத்திரங்களைப் பெஞ்சில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கவனித்தாள், எவர்சில்வருக்கு நடுவே பாதிக்குப் பாதி வெள்ளை வட்ட டப்பாக்கள்.

பாரிட் புந்தாரிலிருந்து வந்த முனியாண்டி அண்ணனிடம் கேட்டாள்: "மாமா, பிளாஸ்டிக் வேணாம்னு மெசேஜ் போட்டோமே?"

"பிளாஸ்டிக்கா?" அவர் தன் டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். "இது எங்க வீட்டு உப்பு டப்பாம்மா. ஒங்க அப்பா குடுத்து ஒம்பது வருசம் இருக்கும். இன்னிக்கிதான் உப்பைக் கொட்டிட்டு வடை போட்டுக் கொண்டாந்தேன்."

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒருத்தர் வீட்டில் பருப்பு, ஒருத்தர் வீட்டில் ஊசி நூல், ஒருத்தர் வீட்டில் மாத்திரை. ஒருமுறை கொடுத்து, அன்றே குப்பைக்குப் போய்விட்டது என்று அவள் நினைத்திருந்த டப்பாக்கள், பதினைந்து வருடத்து உபயமும் வரிசையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தன.

என் வீட்டுக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார். ஒரு டப்பாவை எடுத்துக் கவிழ்த்தார். "அடியில சின்னதா ஏழுன்னு இருக்கா? ஏழாம் அச்சு. அந்த அச்சுல வார்க்குற மூடிதான் கோணிக்கும். மூணு தடவ சரி பண்ணோம்." இன்னொன்றை எடுத்தார். "பக்கத்துல முக்கோணம், உள்ள அஞ்சு. சூடு தாங்குற வகை. அதுக்காக கொதிக்கக் கொதிக்க ஊத்தக்கூடாது, ஆறவச்சுதான்." மூன்றாவதைத் திறந்து விரலால் தடவினார். "யாருது இது? உள்ள பூரா கீறல், வெளுத்தும் போச்சு. சாப்பாட்டுக்கு இனிமே வேணாம்கா. செடி வைங்க."

அந்த அக்கா மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

தர்ஷினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ப்பா, இதெல்லாம் ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம? அதுதானே என் வேல."

"ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியேமா."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. கடையில் சீனி இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். நான்தான் அதற்கு மேல் கேட்க மாட்டாமல், கரண்டியை அண்ணியிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றேன்.

அப்புறம் என்ன, எல்லோரையும் உட்கார வைத்து வாழையிலை போட்டோம். எங்கள் சாம்பார் சாதமும் அவர்கள் கொண்டுவந்ததும் சேர்த்துப் பரிமாறினோம். வழக்கமாகக் கட்டிக்கொண்டு ஒரு மணிக்கெல்லாம் காரைக் கிளப்புகிறவர்கள் நாலு மணிவரை கிடந்தார்கள். பால்மரம் வெட்டி ரப்பர் எடுத்த காலத்துக் கிண்டலெல்லாம் வெளியே வந்தது. பாத்திரங்கள் காலியானதும் கழுவி, சாமி சோற்றை ஆறவைத்து நிரப்பினோம். அவசரத்தில் யார் பாத்திரம் யாரிடம் போனது என்று அம்மனுக்கே வெளிச்சம். மறுநாளே குழுவில் மூடி இல்லாத தூக்கு, தூக்கு இல்லாத மூடி என்று படம் படமாக வர ஆரம்பித்தது. இப்போது வாரத்துக்கு ஒரு குடும்பம் எங்கள் வீட்டுக் கேட்டைத் தட்டுகிறது. பாத்திரத்தைத் திருப்பித் தருவதற்கு வெறுமனே வருவார்களா? அதிலும் ஏதாவது இருக்கிறது. நான் இரண்டு கிலோ ஏறிவிட்டேன்.

6

திரும்பி வரும்போது தர்ஷினி என்னைப் பின்சீட்டுக்குத் தள்ளிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். காதில் மாட்டுகிற ஒயரைக் காணோம். சுரங்கப்பாதை தாண்டியதும் கேட்டாள்:

"ப்பா, அந்த டப்பா மொதல்ல எப்படி இருக்கும்? மாவு மாதிரியா?"

"மாவு இல்லம்மா. மணி மணியா இருக்கும், ஜவ்வரிசி மாதிரி. மூட்டையில வரும். அத சூடு பண்ணி உருக்கி..."

"எவ்ளோ சூடு?"

அவ்வளவுதான், மனுஷன் ஆரம்பித்தார். பதினெட்டு வருடத்தில் என்னிடம்கூட இவ்வளவு பேசியதில்லை. ஒரு கை ஸ்டீரிங்கில், இன்னொரு கை காற்றில் அச்சு மூடித் திறந்து காட்டுகிறது. அவள் கேட்கக் கேட்க அவர் சொல்லச் சொல்ல, நான் பின்னால் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் வந்து பாக்கலாமா? ஒங்க கிலாங்குல உள்ள விடுவாங்களா?"

கிலாங்கு என்றால் தொழிற்சாலை. அவர் காற்றில் இருந்த கையை ஸ்டீரிங்குக்குக் கொண்டுவந்தார். "கேட்டுப் பாக்குறேன். லீவு நாள்ல வா. ஆனா ஒனக்கு... பிடிக்காதேம்மா அது."

"டப்பாதான் பிடிக்காது," என்றாள். "வீட்டுச் சட்டம் சட்டம்தான், அது மாறாது. நான் ஒங்களப் பாக்க வாரேன்."

நான் ஒரு கண்ணை லேசாகத் திறந்தேன். சுண்ணாம்புக் குன்றுகள் மேல் சாயங்கால வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பச்சைப் பலகை வந்தது. ஜெலாப்பாங், இடப்பக்கம் ஒதுங்கவும். எங்கள் வீட்டுக்கும் அதுதான் வழி. பதினேழு வருடமாகக் கண்ணைக் கட்டிவிட்டாலும் வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய மனிதர், மகளுக்கு டப்பா வார்க்கும் விதத்தை விளக்கிக்கொண்டே அந்த வழியைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

நான் பார்த்தேன். வாயைத் திறப்பேனா? மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.